நாலு டயரும் கொஞ்சம் சோப்பு நுரையும்

ஜாக்கியை எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது, நட்டை எந்த வரிசையில் இறுக்குவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. டயர் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அதை ஒரே வாரத்தில் உங்கள் கைகளே சொல்லிக் கொடுத்துவிடும். கைக்கு வராத ஒன்று இருக்கிறது. வண்டிக்காரர் எதிரே நின்று, "எதைப் போடலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிற அந்த அரை நிமிடம். அப்போது உங்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தை, அடுத்த மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு குடும்பத்தைச் சுமந்துகொண்டு ஓடும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் முப்பத்தெட்டு வருடம் டயர் விற்று, மாட்டி, கழற்றி, போன வருடம்தான் ஓய்வு என்று உட்கார்ந்தேன். நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மிச்சத்தையெல்லாம் வாடிக்கையாளர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் நான் கடைக்கே போனேன் என்பாள் என் வீட்டுக்காரி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

மீமிசலிலிருந்து மீன் ஏற்றி வரும் வேன்காரர் ஒருவர். டயர் மேல் கட்டை கட்டையாக இருக்குமே, பட்டன் என்போம், அது இருந்த அடையாளமே இருக்காது. மொட்டை. "மாத்துங்கண்ணே" என்றால், "டயரு எங்கண்ணே தேஞ்சுச்சு? ரோட்ட வழவழன்னு போட்டுட்டாய்ங்க, அது மேல நிக்கிறதால டயரும் அப்புடித் தெரியுது" என்பார். கொடும்பாளூர் விவசாயி ஒருவரிடம், "எப்படிப்பட்ட டயர் வேணும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கம்மாக்கரையில விழாமப் போகணும், மாமியா வீட்டு வாசல்ல கௌரவமா நிக்கணும். அந்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார். டயர் தேர்ந்தெடுப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதலில் அவர் போகிற பாதை, அப்புறம் அவர் போகிற காரணம். இந்த இரண்டையும் கேட்காமல் டயரைக் கீழே இறக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்குப் பருவம் இரண்டுதான். சித்திரையில் தார் இளகும். ஐப்பசி கார்த்திகையில் செம்மண் சேறு தார் மேல் ஏறி வெண்ணெய் தடவினாற்போல் கிடக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டயரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன் என்றுதான் ஊரே சொன்னது. நானும் நம்பினேன். கடைசி வருடம் வரைக்கும் நம்பினேன்.

அங்கேதான் கதை.

காருக்கு இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், அது முன்பக்கம் போகும். எங்கள் கடையில் மட்டுமில்லை, நான் பார்த்த கடைகளில் எல்லாம் அதுதான் பழக்கம். முன்னால் ஓடியது பின்னால் போகும். பின்னால் ஓடியதில் சுமாரானது ஸ்டெப்னி ஆகும். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரை முதல் வரிசையில் உட்கார வைப்பது மாதிரி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் தயாராக இருந்தது: முன்சக்கரம்தான் திரும்புகிறது, முன்சக்கரம்தான் இழுக்கிறது, முன்சக்கரம்தான் சீக்கிரம் தேய்கிறது. வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. மாட்டி முடித்ததும் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தில்தான் வைத்து நசுக்குகிறோம். புது டயர் பின்னால் போய்விட்டால் பழம் யாருக்கு?

இந்தப் பழக்கத்தோடு முப்பத்தேழு வருடம் ஓடிவிட்டது. பத்து மாதம் காய்ந்து கிடக்கிற ரோட்டில் அது தப்பு என்று தெரிய வாய்ப்பே இல்லை.

செல்லையா எனக்குப் பங்காளி முறை. குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவுமாக இருக்கிறார். ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருக்கிறார். நான் பார்த்து அவர் ஒரே நேரத்தில் இரண்டு டயருக்கு மேல் வாங்கியதே கிடையாது. "நாலையும் சேத்து மாத்துறதெல்லாம் ஆடம்பரம் பங்காளி. மனுசனுக்கே ரெண்டு கண்ணுக்கும் ஒரே நாள்லயா ஆபரேசன் பண்றாங்க?" என்பார். கேட்டவுடன் சிரித்துவிடுவேன். சிரித்த பிறகு எப்படி வாதாடுவது?

அவருக்கு ஒரே மகள், தேன்மொழி. நர்ஸ் வேலைக்குக் கனடா போயிருந்தது. போனது வெயில் காலத்தில். அதுதான் அங்கே அதற்கு முதல் குளிர்காலம். மாப்பிள்ளைக்கு இன்னும் விசா வரவில்லை. பிள்ளை தனியாகத்தான் இருந்தது. இருக்கிற ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாற்பது கிலோமீட்டர். அதற்காக ஒரு பழைய கார் வாங்கியிருந்தது. அங்கே கார் வாங்கினாலும் கட்டில் வாங்கினாலும் வீடியோ காலில் ஆலங்குடிக்குக் காட்டி, அப்பா தலையாட்டிய பிறகுதான் வாங்கும்.

அன்று கார்த்திகை மாதம். மூன்று நாள் பெய்த மழை விட்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணி. எங்கள் கடைக்கும் பக்கத்தில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீசுக்கும் ஒரே சிமெண்ட் முற்றம். சர்வீசை நடத்துவது பாண்டியம்மாள். கையில் தண்ணீர்த் துப்பாக்கி. வாயில் அதைவிட வேகமான ஒன்று. செல்லையா சேறு அப்பிய காரை அந்த அம்மாளிடம் விட்டுவிட்டு, என் கடையில் வந்து உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். நமக்கு மாலை ஆறு என்றால் அங்கே காலை ஏழரை.

"என்னா ஆத்தா, கம்பளியச் சுத்திக்கிட்டு சாமியாராட்டம் உக்காந்துருக்க?"

"குளிருதுப்பா. இங்க பாருங்க" என்று தேன்மொழி போனை ஜன்னல் பக்கம் திருப்பியது. வெளியே எல்லாம் வெள்ளை. நிறுத்தியிருந்த கார்கள் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு மாதிரி இருந்தன. "நாளைலேருந்து இன்னும் பெரிய பனி வருதாம். ஒம்பது மணிக்கு டயர் கடைக்குப் போறேன். பனி டயரு நாலும் போடணும்ங்கிறாரு கடைக்காரரு."

"நாலா?" செல்லையா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வண்டி வாங்கயில நீதானே காமிச்ச? பட்டன் புதுசாட்டம் இருந்துச்சே!"

"டயர் நல்லாத்தான்ப்பா இருக்கு. அது வெயிலுக்கு உள்ளதாம். குளிர்ல ரப்பர் கல்லு மாதிரி எறுகிருமாம். பனி டயர் ரப்பரு குளிர்லயும் மெத்துனு இருக்குமாம்."

"கல்லு மாதிரி எறுகுமாம்ல! தனியா இருக்குற பொம்பளப் புள்ளன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தலையில கட்டப் பாக்குறான். பங்காளி, இங்கிட்டு வாங்க. நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த."

போன் என் கைக்கு வந்தது.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த அரை நிமிடம் என்று சொன்னேனே, அது இதுதான். "எனக்குப் பனி தெரியாதும்மா" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்டம் தாண்டி ஒரு பிள்ளை என்னிடம் யோசனை கேட்கிறது. எனக்குத் தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது.

"தேனு, எந்தச் சக்கரம் வண்டிய இழுக்குது? முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் சித்தப்பா."

"அப்பச் சரி. ரெண்டு பனி டயர் வாங்கி முன்னாடி போட்டுக்க. பின்னாடி உள்ளது சும்மா உருண்டுக்கிட்டு வரப்போகுது. அதுக்கு எதுக்குப் புதுசு?"

"நெசமாவா சித்தப்பா? அவரு மூணு தடவ சொன்னாரு, நாலும்தான் போடணும்னு."

"அவரு விக்கிறவரு, அப்புடித்தான் சொல்லுவாரு. நான் ஒனக்கு விக்கிறவனா? சித்தப்பா சொல்றேன், போட்டுக்க."

பிள்ளை ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு, "சரி சித்தப்பா. கெளம்புறேன். ஓட்டும்போது போன எடுக்க மாட்டேன், போயிச் சேந்துட்டுப் பேசுறேன்" என்று வைத்துவிட்டது.

செல்லையா சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீயும் வெங்காய வடையும் வாங்கி வரச் சொன்னார். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "கனடாவுக்கே ஆலோசனையா, பெரிய ஆளுதாண்ணே நீங்க" என்றார். நானும் வடையைப் பிட்டுக்கொண்டு அடக்கமாகச் சிரித்தேன். ஒரே ஒரு நினைப்பு மட்டும் ஓரமாக வந்து நின்றது. மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்துபோய், வீட்டுக்காரி அதை வெயிலில் வைப்பாள். நம் ஊர்க் குளிருக்கே எண்ணெய் இறுகுகிறது. அந்த ஊர்க் குளிரில் ரப்பர்? அந்த நினைப்பை வடையோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அப்போது பாண்டியம்மாள் சத்தம் போட்டது. "யாருண்ணே இந்த வெள்ள வண்டி? கொஞ்சம் கீழ எறக்கி அங்கிட்டு நிப்பாட்டுங்க. அடுத்த வண்டி வந்துருச்சு. நொர வாசலுக்குப் போகுது."

செல்லையா போய் வண்டியில் ஏறினார். கழுவுகிற மேடை முற்றத்தைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும். வருடக்கணக்கில் தண்ணீரும் சோப்பும் பட்டு சிமெண்ட் பளிங்காகிவிட்டது. அன்றைக்கு அதன் மேல் கணுக்கால் உயரம் வெள்ளை நுரை. அவர் வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினார், எங்கள் கடைப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தார், எதிரே இருந்த வாளியைப் பார்த்துவிட்டுப் பிரேக்கை அழுத்தினார்.

முன்சக்கரம் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றன. பின்பக்கம் கேட்கவில்லை. அவசரமே இல்லாமல், கோயில் யானை திரும்புவதுபோல் நிதானமாகச் சுற்றி வந்து, பாண்டியம்மாளின் நீல டிரம்மை ஒரு தட்டுத் தட்டியது. டிரம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. பாண்டியம்மாள் மோட்டார் ரூம் படியில் ஏறி நின்றிருந்தது. எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

"என்னண்ணே இது! தல நிக்குது, வாலு நிக்கலயே! எந்த மகராசன் மாட்டுனது இந்த டயரு?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் புது டயர் இரண்டையும் முன்னால் மாட்டி, தேய்ந்ததைப் பின்னால் தள்ளி, எலுமிச்சம்பழமும் நசுக்கி அனுப்பிய மகராசன் நான்தான்.

செல்லையா இறங்கி வந்து, அடிபட்டது டிரம் மட்டும்தான் என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். முற்றம் முழுக்க வெள்ளை. அதன் நடுவே குறுக்காக நிற்கிற ஒரு கார். கொஞ்ச நேரத்துக்கு முன் போனில் பார்த்த ஜன்னல் ஞாபகம் வந்தது. திறந்த வாய் மூடவில்லை.

"பங்காளி," என்றேன், "தேனுவுக்குப் போன் போடுங்க."

"எதுக்கு?"

"நான் சொன்னது தப்பு. முன்னாடி நல்லது, பின்னாடி வழுக்குறது, இதே கோலத்தத்தான் அந்தப் புள்ள வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். அது ஆளு நடக்குற வேகத்துலயா போகப் போகுது?"

செல்லையாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போனதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். உடனே கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். "வண்டி ஓட்டுது போல. ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு நான்தானே சொல்லி வளத்தேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். மணி ஏழு ஆகப் போகிறது. நம் ஏழரைக்கு அங்கே காலை ஒன்பது, கடை திறந்துவிடும்.

பதற்றத்தில் மனிதருக்கு இரண்டு புத்தி வரும். ஒன்று ஓடச் சொல்லும். இன்னொன்று, ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லும். செல்லையாவுக்கு இரண்டாவது வந்தது. "பங்காளி, இது சோப்பு. அது பனி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க சும்மா பயந்துக்கிட்டு." அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? ஆமாம் என்று சொல்லிவிட்டால் என் மரியாதை அப்படியே இருக்கும். நல்லவேளை, பாண்டியம்மாள் பக்கத்தில் இருந்தது.

"சம்பந்தம் இல்லன்னா மாத்திப் போட்டு இன்னொரு தடவ உருட்டிப் பாருங்களேன். சும்மா பேசிக்கிட்டு நிக்கிறீங்க ஆம்பளைங்க ரெண்டு பேரும்."

பிள்ளை போனை எடுக்காத நேரத்தைச் சும்மா கழிக்க வேண்டாம் என்று நானும் கடைப் பையன்களும் வண்டி மேல் விழுந்தோம். கால் மணி நேரத்தில் முன்னது பின்னால், பின்னது முன்னால். யாரும் சொல்லாமலேயே பாண்டியம்மாள் புது நுரை அடித்தது. இருந்த இன்னொரு டிரம்மை மட்டும் தூக்கி மோட்டார் ரூமுக்குள் வைத்துவிட்டு, படியில் ஏறி நின்றுகொண்டது. "ம், இப்ப உருட்டுங்க."

செல்லையா அதே மாதிரி இறங்கி, அதே இடத்தில் ஒடித்து, அதே இடத்தில் பிரேக்கை அழுத்தினார். இந்தத் தடவை வால் அசையவில்லை. ஆனால் தலை திரும்பவில்லை. நேராக ஒரு முழம் வழுக்கிப் போய், வாளியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நேராக வழுக்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது. பயந்து காலை எடுக்கிறார், வண்டி அடங்குகிறது. வால் சுற்றினால் தான் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு, நம் ஊர் மழைக்கு, புதுசு பின்னால்தான் போக வேண்டும். முப்பத்தேழு வருடம் கழித்து நான் கற்றுக்கொண்டது.

செல்லையா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அப்ப ரெண்டையும் பின்னாடி போடச் சொல்லிருவோம்!"

அந்த நேரத்திலும் மனிதர் இரண்டை விடவில்லை.

"பங்காளி, வாளி இருந்த எடத்துல ஒரு லாரி நிக்கிதுன்னு வச்சுக்கங்க. திரும்ப வேணாமா?"

பாண்டியம்மாள் படியிலிருந்து இறங்காமலே சொன்னது: "ஏண்ணே, ஒரு கால்ல பூட்சு, ஒரு கால்ல ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு இந்த நொரையில நடந்து காமிங்க பாப்போம். எந்தக் காலு வழுக்குச்சுன்னு விழுந்து எந்திரிச்சுச் சொல்லுங்க."

அதோடு விவாதம் முடிந்தது. மணி ஏழு ஐம்பது. செல்லையாவின் போனை வாங்கி நானே போட்டேன். ஆறாவது மணியில் தேன்மொழி எடுத்தது.

"என்ன சித்தப்பா, இத்தன மிஸ்டு கால்? அம்மாவுக்கு ஏதும்..."

"எல்லாரும் நல்லாருக்கோம். டயர் போட்டாச்சா?"

"முன்னாடி ரெண்டும் மாட்டிட்டாரு. வண்டி இன்னும் மேலதான் இருக்கு. அவருக்கு மனசே இல்ல, ஒங்க பேரச் சொல்லித்தான் மாட்ட வச்சேன்."

கடைப் பையன்கள், வடை தின்ற வாடிக்கையாளர்கள், பாண்டியம்மாள், சாக்கடையிலிருந்து எடுத்த நீல டிரம் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தேனு, சித்தப்பா தெரியாமச் சொல்லிட்டேன். பனியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு சொன்னதுதான் சரி. நாலும் போடணும். போன அவர்கிட்டக் குடும்மா."

சொல்லி முடித்ததும் ஒன்றும் ஆகிவிடவில்லை. வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். பையன் ஒருவன் வடையின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

போனில் ஒரு பெரியவர் வந்தார். கம்பளித் தொப்பி, வெள்ளை மீசை, அவருடைய நகக்கண்ணிலும் அதே கறுப்பு. பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன்.

"சார், நோ டூ. ஃபோர். மை மிஸ்டேக்."

நாலு விரலையும் காட்டினேன். அவர் ஏதோ கேட்டார். தேன்மொழி பக்கத்திலிருந்து சொன்னது: "நீங்க பனியில வண்டி ஓட்டிருக்கீங்களான்னு கேக்குறாரு சித்தப்பா."

"நோ சார்," என்றேன். "சோப்."

அவருக்குப் புரியவில்லை. போனை முற்றத்துப் பக்கம் திருப்பினேன். வெள்ளை நுரை, நடுவே கார், பின்னால் படியின் மேல் தண்ணீர்த் துப்பாக்கியோடு பாண்டியம்மாள். அந்த அம்மாள் கையை ஆட்டியது. பெரியவர் இரண்டு நொடி பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே போனைக் கீழே காட்டினார். மிச்ச இரண்டு பனி டயரும் அந்தக் காருக்குப் பக்கத்திலேயே சாத்தியிருந்தன.

"அத இன்னும் உள்ள எடுத்து வைக்கலையாம் சித்தப்பா," என்றது தேன்மொழி. "வண்டியக் கீழ எறக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ எங்கிட்டக் கேக்கணும்னு இருந்தாராம்."

மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் வேண்டாம் என்று கேட்டு, நாலாவது முறை சொல்வதற்காக டயரைப் பக்கத்திலேயே வைத்திருந்த மனிதர். அவரைத்தான் நான், விற்கிறவர் அப்படித்தான் சொல்வார் என்று சொன்னேன். என் தொழிலில் எனக்கு வாய்த்த கடைசி வாத்தியார் அவர். வகுப்பு மொத்தம் ஐந்து நிமிடம்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைக்குக் காது கூர்மை.

"அது என்ன சித்தப்பா, சோப்பு? நொரையில நிக்கிறது எங்க வண்டிதானே?"

செல்லையா மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் போனார்.

"அப்பா! ஒளியாதீங்க, தெரியுது. முன்னாடி மொட்டை டயரு தெரியுதே, இத வச்சுக்கிட்டா அம்மாவ அறந்தாங்கிக்கும் மருந்து வாங்கவும் கூட்டிட்டுப் போறீங்க? இந்த மழையில?"

"அது வந்து ஆத்தா, நம்ம ஊருல பனியெல்லாம் ஏது..."

"சேறு இருக்குல்ல? நாலும் ஒரே மாதிரி இருக்கணும். இப்ப மாட்டுங்க, நான் பாக்கணும். அது வரைக்கும் இவரு மாட்ட வேணாம்னு சொல்லிருவேன். எனக்கென்ன, நான் இப்புடியே பனியில போறேன்."

செல்லையா என்னைப் பார்த்தார். நான் டயர் அடுக்கைப் பார்த்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, வண்டியில் ஒரு சோடி புதுசாக இருக்க இன்னொரு சோடி கேட்டார். கேட்டதும் கேட்டார், "எனக்கும் அந்தப் பனி டயரே போடுங்க பங்காளி, மார்கழி வருதுல்ல" என்றார்.

"அது சித்திர வெயில்ல நம்ம ரோட்டுல அழிரப்பராட்டம் தேஞ்சு போயிரும். அங்கயே பனி போனதும் கழட்டி வச்சுட்டு, பழையத மாட்டிக்கணும். போர்வைய மடிச்சு வைக்கிற மாதிரி. ஒங்களுக்குப் போன தடவ வாங்குன அதே டயருல இன்னும் ரெண்டு போதும்."

அப்புறம் நடந்ததை எங்கள் கடையில் இன்றும் பேசுவார்கள். போனை ஸ்டெப்னி மேல் சாய்த்து வைத்தோம். அங்கே பெரியவர் இரண்டு சக்கரம், இங்கே நான் இரண்டு சக்கரம். தேன்மொழி "ஸ்டார்ட்" என்றது. பாண்டியம்மாள், "விடாதண்ணே! நம்ம ஊரு மானம்!" என்று கத்தியது. பையன்கள் விசிலடித்தார்கள். பெரியவர்தான் ஜெயித்தார். எனக்கு வருத்தமே இல்லை. தோற்றதும் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். அவரும் தொப்பியை உயர்த்தினார். எலுமிச்சம்பழம் நசுக்குவதைப் பார்க்க வேண்டும் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தார். பழம் முன்சக்கரத்தில்தான். அந்தப் பழக்கத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க, நான் மாட்டி அனுப்பிய கார்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நல்லதைப் பின்னால் மாற்றி விட்டேன். கொடும்பாளூர்க்காரரும் வந்தார். "அப்ப இத்தன வருசம் தப்பாவா மாட்டிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "போன மழையில வண்டி கம்மாக்கரையில வளைஞ்சதுக்கு மச்சினனப் போட்டு வஞ்சேன். பாவம், அவன் நல்லாத்தான் ஓட்டிருக்கான்" என்றார். "ஒரு டீ வாங்கிக் குடுத்துருங்க" என்றேன். "டீயெல்லாம் வேணாம், திமிரு ஏறிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவர்கூட என் மேல் கோபித்துக்கொண்டு கடை மாறவில்லை. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. தெரியாத ரோட்டைப் பற்றித் தெரிந்த குரலில் மட்டும் பேசிவிடாதீர்கள். பேசிவிட்டால், வண்டி ஜாக்கியிலிருந்து இறங்குவதற்குள் திருத்திவிடுங்கள்.

அந்தப் பெரிய பனி வந்தது. தேன்மொழி பத்திரமாக வேலைக்குப் போய் வந்தது. மறுவாரம் ஒரு படம் அனுப்பியது. கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை ரோடு. நடுவில் அதன் வண்டி வந்த தடம் மட்டும் கோடு போட்டாற்போல் நேராக. செல்லையா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியது என்னிடம் இல்லை, பாண்டியம்மாளிடம். அந்த அம்மாள் துப்பாக்கியைக் கீழே வைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது.

"நல்லாத்தாண்ணே நொர போட்டுருக்காய்ங்க," என்றது. "இம்புட்டையும் யாரு கழுவுறது?"